போனுக்கு உரியவள்

கெஃப், 11 அக்டோபர் 2022

லுத்ஃபி,

இந்தக் கடிதத்தைக் கடையிலேயே வைத்துப் படி. வீட்டுக்கு எடுத்துப் போகாதே. அம்மா என் கையெழுத்தைப் பார்த்தால் அடுத்த நிமிடம் நூமானைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவாள்.

மவ்லித் பண்டிகைக்கு நான் ஸ்ஃபாக்ஸ் வராததற்கு அவன் என்ன காரணம் சொன்னானோ தெரியாது. பிரசவ வார்டில் ஆள் இல்லை, லீவு கிடைக்கவில்லை என்று சொல்லியிருப்பான். பதினெட்டு நாளுக்கு முன்பே நான் சூஸாவில் இருக்கும் எங்கள் வீட்டை விட்டு வந்துவிட்டேன். என்னோடு முன்பு வேலை பார்த்த சலூஹாவின் வீட்டில் இருக்கிறேன். ஊர் பெயர் உறையிலேயே இருக்கிறது, வீடு எதுவென்று கேட்காதே. பதில் எழுதினால் சலூஹா பெயருக்கு எழுது. என் எண்ணுக்குக் கூப்பிடாதே, செய்தியும் அனுப்பாதே. அந்த போனை அணைத்து ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் போட்டு வைத்திருக்கிறேன்.

பத்து வருடக் குடித்தனத்தில் நூமான் என் மேல் கை வைத்ததில்லை. எங்கே போனாய், யாரோடு பேசினாய் என்று கேட்டதில்லை. கூட வேலை செய்யும் நர்ஸுகள் இதற்காகவே என்னைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள். கேட்க வேண்டிய தேவையே அவனுக்கு இருக்கவில்லை என்பது இப்போதுதான் புரிகிறது.

மே மாதம் சலூஹாவோடு போனில் பேசும்போது, துனிஸ் ஆஸ்பத்திரிக்கு மாற்றல் கேட்கலாமா என்று யோசிக்கிறேன் என்றேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் ரொட்டியைப் பிய்த்து ஹரீஸா மிளகாய் விழுதில் தோய்த்துக்கொண்டே, "துனிஸ்ல இப்ப வாடகை எல்லாம் கொள்ளையா இருக்காம்" என்றான். தற்செயல் என்று விட்டுவிட்டேன். ஜூலையில் ஒருநாள் வேலை முடிந்து கடற்கரை மதில் மேல் அரை மணி நேரம் தனியாக உட்கார்ந்துவிட்டு வந்தேன். கதவைத் திறந்ததும், "செருப்புல மணல் இருக்கும், வெளியவே உதறிட்டு வா" என்றான். செருப்பில் மணல் இல்லை. நான் மணலில் இறங்கவே இல்லை.

இதெல்லாம் என்னோடு போயிருந்தால் நான் இன்னும் அங்கேதான் இருந்திருப்பேன். ஷிராஸ் என்று ஒரு பெண். துணித் தொழிற்சாலையில் தைக்கிறவள், இருபத்து நான்கு வயது, கல்யாணம் ஆகவில்லை. ஒன்பது வாரக் கர்ப்பம். வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டுக்கும் சட்டத்தில் வழி இருக்கிறது, நிதானமாக யோசி என்று சொல்லியிருந்தேன். தினமும் மதிய இடைவேளையில் எனக்குப் போன் செய்து அழுவாள். அவளுடைய மூத்த அண்ணன் நூமானோடு ஒரே காபிக் கடையில் சீட்டு ஆடுகிறவன்.

செப்டம்பரில் அண்ணன்மார் இருவரும் தொழிற்சாலை வாசலிலேயே அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் மாடி அறையில் பூட்டினார்கள். அவள் ஜன்னல் வழியாகக் குதித்தாள். தொடை எலும்பு முறிந்தது. வயிற்றில் இருந்ததும் போயிற்று. எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு வந்தார்கள். நான் ஓடினேன். வராந்தாவில் மூத்த அண்ணன் என் கையைப் பிடித்து நன்றி சொன்னான். "உங்க வீட்டுக்காரர் நல்லவரு. அவர் சொல்லலேன்னா எங்க மானம் போயிருக்கும்."

உள்ளே போனேன். ஷிராஸ் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். "உங்ககிட்ட மட்டும்தான சொன்னேன்" என்றாள்.

நீ நாள் முழுவதும் போனைத் திறந்து பழுது பார்க்கிறவன், அதனால் உன்னிடம் கேட்கிறேன். ஒருவருடைய போனை அவருக்கே தெரியாமல் இன்னொருவர் தன் இடத்தில் இருந்தபடி படிக்க முடியுமா? பேச்சைக் கேட்க முடியுமா? முடியுமென்றால், அதை அதற்குள் வைப்பது யார்? நூமானுக்கு டிவியில் சேனல் மாறிப்போனால் சரிசெய்யவே நான்தான் வேண்டும்.

ரவ்தா


ஸ்ஃபாக்ஸ், 19 அக்டோபர் 2022

அன்புள்ள அக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ உயிரோடு நல்லபடியாக இருக்கிறாய் என்று தெரிந்ததே போதும். மவ்லித் அன்று மச்சான் தனியாக வந்தார். அம்மா செய்த ஸ்கூகூ பாயசத்தில் ஒரு கிண்ணத்தைத் தொட்டு வைத்துவிட்டு எழுந்துவிட்டார். உனக்கு வேலை அதிகம் என்றுதான் சொன்னார். முகம் வாடியிருந்தது.

அந்தப் பெண்ணை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் அக்கா, தொழிற்சாலையில் நூறு பெண்கள் ஒரே அறையில் தைக்கிறார்கள். அவள் அழுததை யாராவது பார்த்திருக்கலாம். மச்சான் காதுக்கு எந்த வழியாக வந்ததோ.

நீ கேட்டதற்கு முடியும் என்றும் சொல்லலாம், முடியாது என்றும் சொல்லலாம். ஆயிரம் பேர் என்னிடம் வந்து போனில் பேய் இருக்கிறது என்பார்கள், திறந்து பார்த்தால் பேட்டரி கெட்டிருக்கும். உன் போனும் பழையது. ஒன்று செய். போனில் அமைப்புகளுக்குள் போய்க் கடைசி வரியில் 'எல்லாவற்றையும் அழி' என்று இருக்கும், அதை அழுத்து. புதிதாக வாங்கியதுபோல ஆகிவிடும், சந்தேகமும் தீரும். இல்லையென்றால் தூக்கிப் போட்டுவிடு. நான் வேறு ஒன்று தயார் செய்து ஊருக்கு ஊர் ஓடும் லுவாஜ் வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

கடையில் இந்த வாரம் கூட்டம். மழையில் நனைந்த போன்கள் வரிசையில் நிற்கின்றன. நீ வீட்டுக்குத் திரும்பிப் போவதைப் பற்றியும் யோசி. கோபத்தில் எடுக்கிற முடிவு வேண்டாம்.

உன் தம்பி,
லுத்ஃபி


கெஃப், 2 நவம்பர் 2022

லுத்ஃபி,

நீ சொன்னபடி அழித்திருப்பேன். சலூஹாதான் தடுத்தாள். அவளுடைய நாத்தனார் இங்கே தொழிற்கல்லூரியில் கணினிப் பாடம் எடுக்கிறவள். டப்பாவோடு எடுத்துக்கொண்டு அவளிடம் போனோம். நீ எழுதியதை நான் சொன்னதும் அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அழிக்கச் சொன்னவர் யாரு? அழிச்சிட்டா கோர்ட்ல காட்ட உங்ககிட்ட ஒண்ணுமே இருக்காதே" என்றாள்.

ஒரு மதியம் முழுக்க அதோடு உட்கார்ந்திருந்தாள். நான் டீ போட்டுக் கொடுத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். உள்ளே ஒன்று இருக்கிறது. 'அமைப்புச் சேவை' என்று பெயர் வைத்துக்கொண்டு, படம் எதுவும் இல்லாமல், கேமராவையும் மைக்கையும் செய்திகளையும் இடத்தையும் எடுத்து வேறெங்கோ அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. ஆபத்து என்று எச்சரிக்க வேண்டிய காவலை யாரோ முன்கூட்டியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். என் பணத்தில் வாங்கிய போன் அது. ஆனால் அதில் எதற்கு அனுமதி, எதற்கு இல்லை என்று தீர்மானிக்கிற இடத்தில் என் பெயர் இல்லை.

அது உள்ளே போன தேதியும் நேரமும் பதிவாகியிருக்கிறது. மார்ச் பதினான்கு, காலை பதினொன்றே கால்.

அன்று திங்கட்கிழமை. வசந்த விடுமுறைக்கு நாங்கள் அம்மா வீட்டுக்கு வந்திருந்தோம். திரை உடைந்திருந்தது. போனை உன் மேசை மேல் வைத்து, பூட்டு எண்ணையும் சொல்லிவிட்டு, அம்மாவோடு மீன் வாங்கப் போனேன். பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வந்தேன். புதுத் திரையைத் துணியால் துடைத்து என் கையில் கொடுத்தாய். காசு வாங்க மாட்டேன் என்றாய்.

எழுது.

ரவ்தா


ஸ்ஃபாக்ஸ், 27 நவம்பர் 2022

அக்கா,

நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதையும் கிழிப்பதற்குள் உறையில் போட வேண்டும்.

நான்தான் வைத்தேன்.

நீ மீன் சந்தைக்குப் போன கொஞ்ச நேரத்தில் மச்சான் கடைக்கு வந்தார். மேசைக்கு எதிரில் உட்கார்ந்தார். பிறகு, "ஜனவரியில ரவ்தா பஸ் ஸ்டாப்புல மயங்கி விழுந்தாளே, ஞாபகம் இருக்கா? அவ எங்க இருக்கான்னு மட்டும் தெரிஞ்சா எனக்குப் போதும். நீ தம்பிதானே, உனக்குக் கவலை இல்லையா?" என்றார். எனக்குக் கவலை இருந்தது. குழந்தை கலைந்த பிறகு நீ இரண்டு முறை மயங்கி விழுந்தது பொய் இல்லையே. அவர் கண் கலங்கியிருந்தது, அதுவும் பொய் இல்லை என்றே இப்போதும் நினைக்கிறேன்.

ஆனால் இடத்தை மட்டும் காட்டுகிற செயலி தனியாக இருக்கிறது. அது உன் திரையில் தெரியும், உன்னிடம் சம்மதம் கேட்கும், வேண்டாம் என்றால் நீயே நிறுத்தலாம். அதை நான் போடவில்லை. என்னிடம் தயாராக இருந்தது மற்றது. அது எல்லாவற்றையும் எடுக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் இடத்தை மட்டும்தான் பார்ப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மயக்கத்துக்காக என்றால் எதற்கு மறைத்து வைத்தாய் என்று கேட்பாய். மறைக்கச் சொல்லி மச்சான் கேட்கவில்லை. அவர் கேட்கும் முன்பே என் கை அதைச் செய்துவிட்டது. பெயரை மாற்றினேன், காவலை நிறுத்தினேன், நீ தேடினாலும் கண்ணில் படாத மூலைக்குத் தள்ளினேன். வழக்கமாக அப்படித்தான் செய்வேன்.

உன் முதல் கடிதத்தைப் படித்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. அழித்துவிடு என்று எழுதியது உனக்காக இல்லை.

மாடியிலிருந்து குதிக்கிற மாதிரி ஆகும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. இதை ஒரு காரணமாகச் சொல்லவில்லை. நினைத்துப் பார்க்கவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

லுத்ஃபி


கெஃப், 8 டிசம்பர் 2022

லுத்ஃபி,

உன் கடிதம் வந்து ஐந்து நாள் அதைத் தொடவில்லை. ஆறாம் நாள் கைரவானுக்குப் போனேன்.

ஷிராஸை அவளுடைய சின்னம்மா அங்கே தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அண்ணன்மார் மேல் புகார் கொடுத்ததும் அந்த அம்மாள்தான். முதலில் கதவைத் திறக்கவில்லை. வாசலிலேயே நின்று சொன்னேன், என் போனைத் திறந்து வைத்திருந்தார்கள், எனக்கும் தெரியாது, ஆனால் அவள் சொன்னது வெளியே போனது என் வழியாகத்தான் என்று. அந்த அம்மாள் உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வந்து வழி விட்டாள்.

ஷிராஸ் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். நீ யார் என்பதையும் சொன்னேன். மறைக்கவில்லை. "அப்ப நான் பேசினதெல்லாம் என் குரல்லயே அவர் கேட்டிருப்பாரா?" என்றாள். ஆமாம் என்றேன். "நான் அழுததையுமா?" ஆமாம் என்றேன். அவள் கால் மேல் கிடந்த போர்வையைச் சரிசெய்யக் கையை நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். பஸ்ஸுக்கு நேரமாகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

நான் என்னைப் பற்றி மட்டும் கவலைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன், என் கடற்கரை, என் மாற்றல் என்று. என்னிடம் போன் செய்து பேசிய பெண்கள் எத்தனை பேர் தெரியுமா உனக்கு? மார்ச் முதல் செப்டம்பர் வரை. நான் உட்கார்ந்து பட்டியல் போட்டேன். நாற்பத்தொரு பெயர் நினைவுக்கு வந்தது. நாற்பத்தொரு பேருக்கும் கடிதம் எழுதவோ நேரில் போகவோ தொடங்கியிருக்கிறேன்.

நீ 'வழக்கமாக' என்று எழுதியிருக்கிறாய். அந்த வார்த்தையை நீ கவனிக்காமல் எழுதியிருப்பாய், நான் கவனித்தேன். நீ மன்னிப்புக் கேட்கவில்லை, நல்லது. கேட்டிருந்தாலும் என்னிடம் இல்லை. எனக்கு ஒரு பதில் போதும். எத்தனை பேர்?

ரவ்தா


ஸ்ஃபாக்ஸ், 4 ஜனவரி 2023

அக்கா,

உன்னைத் தவிர ஆறு பேர். நான்கு வருடத்தில்.

நீ கேட்காவிட்டால் எண்ணியிருக்கவே மாட்டேன். அடுத்து நீ என்ன சொல்வாய் என்றும் தெரியும். சொல்வதற்கு முன் போய்விட்டு வந்து எழுதலாம் என்றுதான் இத்தனை நாள் எடுத்துக்கொண்டேன்.

முதலில் ரொட்டிக் கடைக்காரர் மனைவி மெஹ்ரெஸியா வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று செய்ததை உளறினேன். அவர் தையல் மிஷினிலிருந்து எழுந்திருக்கவில்லை. "ரெண்டு வருஷமா எனக்குத் தெரியும்ப்பா" என்றார். எப்படி என்று கேட்டேன். "வீட்டுக்காரருக்குத் தெரியக்கூடாதது எல்லாம் தெரிஞ்சது, தெரிய வேண்டியது எதுவும் தெரியல." வெளியே போக வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுப் பெண்ணை மிஷினில் உட்கார வைத்துத் தைக்கச் சொல்வாராம். போன் மிஷினுக்குப் பக்கத்திலேயே இருக்கும். கணவர் கடையில் இருந்து நாள் முழுக்க மிஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாராம். சொல்லிவிட்டுச் சிரித்தார். எடுத்துத் தரட்டுமா என்றேன். சிரிப்பை நிறுத்திவிட்டு, "எடுத்தா அவருக்குத் தெரியும். அப்புறம் என்ன ஆகும்னு நீ இருந்து பாப்பியா?" என்றார். எப்போது எடுக்கலாம் என்று தானே சொல்வதாகச் சொல்லி அனுப்பினார்.

ஈனெஸ் என்று ஒரு பெண், பொறியியல் படிக்கிறாள். அவள் அப்பா பள்ளி வாத்தியார், எனக்கும் பாடம் எடுத்தவர். அவள் கோபப்படவில்லை. போனை என் முன் வைத்து, எது எதெல்லாம் போயிருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். படங்கள் என்றபோது எழுந்து போய் வாந்தி எடுத்தாள். மறுநாள் அவள் அப்பா கடைக்கு வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். "நான் அவளுக்கு அப்பா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். நானும் அவளுக்குச் சொல்லாமல் இருந்திருக்கக் கூடாது ஐயா என்றேன். அவர் என் மேசையைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டுப் போனார்.

மற்றவர்களில் இருவர் ஆலிவ் எண்ணெய் ஆலையில் வேலை பார்ப்பவர்கள். முதலாளி தன் செலவில் போன் வாங்கிக் கொடுத்திருந்தார், அதனால் அவருக்கு உரிமை உண்டு என்றுதான் நானும் நினைத்தேன். அவர்கள் சங்கக் கூட்டத்தைக்கூட அவர் கேட்டிருக்கிறார். அவர்களுக்குச் சொன்ன மறுநாள் முதலாளியின் ஆட்கள் வந்து கடைக் கண்ணாடியை உடைத்துவிட்டுப் போனார்கள். என் நெற்றியில் மூன்று தையல்.

இன்னும் இருவர் மிச்சம். ஒருவர் இத்தாலி போய்விட்டார், முகவரி விசாரிக்கிறேன். ஒருவர் இறந்துவிட்டார். வயதானவர், மகன்கள் கேட்டு வைத்தது. கடைசிவரை அவருக்குத் தெரியாது.

லுத்ஃபி


கெஃப், 15 ஜனவரி 2023

லுத்ஃபி,

தையலை இன்னும் பிரிக்காவிட்டால் இன்றே பிரித்துவிடு. நனையவிடாதே.

வக்கீல் பஸ்மா என்று ஒருவர் என் வழக்கையும் ஷிராஸ் வழக்கையும் சேர்த்து எடுத்திருக்கிறார். போனுக்குள் அது இருந்தது என்று சலூஹாவின் நாத்தனார் சாட்சி சொல்வாள். ஆனால் நூமான், தனக்கு ஒன்றும் தெரியாது, போனைத் தொட்டதே இல்லை என்கிறான். அவன் கேட்டுத்தான் வைத்தது என்று சொல்லக்கூடியவன் உலகத்தில் ஒருவன்தான் இருக்கிறான்.

பிப்ரவரி இருபது, திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி, சூஸா நீதிமன்றம். அரசு வழக்கறிஞர் முன்னால் வாக்குமூலம்.

ரவ்தா


ஸ்ஃபாக்ஸ், 28 ஜனவரி 2023

அக்கா,

நான் இங்கே ஒரு வக்கீலிடம் கேட்டேன். உண்மையைச் சொன்னால் நான் சாட்சி மட்டும் இல்லை, குற்றவாளியும் கூட என்கிறார். சிறை என்றும் ஆகலாம், கடையை மூடு என்றும் சொல்லலாம். ஆலைக்காரர் வேறு காத்துக்கொண்டிருக்கிறார்.

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. நெற்றியைப் பார்த்துக் கேட்டுக் கேட்டுப் பிடுங்கிவிட்டாள். அழுகிறாள். "போன்தானேடா, கழுத்தையா அறுத்தான்? அவ புருஷன் அவளைப் பாத்துக்கிட்டான், அதுக்கு நீ ஏன்டா ஜெயிலுக்குப் போகணும்" என்கிறாள். மச்சான் வாரம் ஒருமுறை அவளோடு பேசுகிறார் போல. நான் சாட்சி சொல்லாவிட்டால் உன்னைத் தொந்தரவு செய்யாமல் விவாகரத்துக்குச் சம்மதிப்பதாகச் சொல்லச் சொன்னாராம்.

வேறு வழி இருக்கிறதா என்று வக்கீல் பஸ்மாவிடம் கேட்டுப் பார். எழுதிக் கொடுத்து அனுப்பினால் போதுமா? எனக்குப் பயமாக இருக்கிறது. பயப்படவில்லை என்று உன்னிடம் பொய் சொல்ல முடியாது.

லுத்ஃபி


கெஃப், 3 பிப்ரவரி 2023

லுத்ஃபி,

வேறு வழி இருக்கிறது. நீ வராமல் இருக்கலாம். அப்போது அவன் வென்றுவிடுவான், எனக்கு விவாகரத்து கிடைக்கும், உனக்குக் கடை இருக்கும்.

அம்மாவிடம் சொல், ஷிராஸின் தொடையில் பன்னிரண்டு திருகாணி இருக்கிறது.

வராதே என்று சொல்ல மாட்டேன். வா என்று கெஞ்சவும் மாட்டேன். நீ எனக்குத் தெரியாமல் ஒன்றைத் தீர்மானித்தாய். இதை நான் உனக்காகத் தீர்மானிக்கப் போவதில்லை.

ரவ்தா


ஸ்ஃபாக்ஸ், 22 பிப்ரவரி 2023

அக்கா,

நீதிமன்ற வராந்தாவில் நீ என்னைத் தாண்டித்தான் போனாய். நின்றுவிடுவாய் என்று ஒரு கணம் நினைத்தேன். நின்றிருந்தால் நான் பேசியிருக்க மாட்டேன், உடைந்திருப்பேன். அதனால் நீ போனதே நல்லது.

உள்ளே என்ன நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன். மூன்று மணி நேரம். யார் கேட்டது, எதை வைத்தேன், எப்படி மறைத்தேன், அவருடைய போனில் அதைப் பார்க்க எப்படிச் சொல்லிக் கொடுத்தேன் என்று எல்லாம் கேட்டார்கள். கடைசிக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. அரசு வழக்கறிஞர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "உங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா அவங்க என்ன சொல்லியிருப்பாங்க?" என்றார். வேண்டாம் என்று சொல்லியிருப்பாள் என்றேன். "அது உங்களுக்கு அப்பவே தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

ஆறு பேரைப் பற்றியும் அவர்கள் கேட்காமலே சொன்னேன். என் மேலும் வழக்கு. மே மாதம் விசாரணை. அதுவரை ஊரை விட்டுப் போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். கடை திறக்கலாம் என்றார்கள். திறந்தேன். யாரும் வரவில்லை. மெஹ்ரெஸியா மட்டும் நேற்று மதியம் வந்தார், கையில் போனும் தோளில் ஒரு பெரிய பையும். "இப்ப எடு" என்றார். எடுத்தேன். அங்கிருந்து நேராக பஸ் நிலையத்துக்குப் போனார்.

மச்சான் வெளியே வந்தபோது என்னைப் பார்த்தார். அவர் எப்போதும்போலத்தான் இருந்தார்.

அம்மா என்னோடு பேசுவதில்லை. சாப்பாடு மட்டும் வைக்கிறாள்.

லுத்ஃபி


கெஃப், 12 மார்ச் 2023

லுத்ஃபி,

நூமானின் வக்கீல் மறுப்பதை நிறுத்திவிட்டார் என்று பஸ்மா சொன்னார். உன் வாக்குமூலத்தைப் படித்த பிறகு இப்போது மனைவி மேல் இருந்த அக்கறை என்று பேசுகிறார்களாம். தீர்ப்பு எப்படி வரும் என்று தெரியாது. செய்தேன் என்று அவன் ஒத்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. எனக்கு அது வேண்டியிருந்தது.

நாற்பத்தொரு பேரில் முப்பத்தாறு பேரைப் பார்த்துவிட்டேன். நான்கு பேர் கதவைச் சாத்தினார்கள். ஒருத்தி குழந்தையை என் மடியில் கொடுத்தாள்.

போன வாரம் மறுபடி கைரவான் போனேன். ஷிராஸ் கைத்தடி வைத்துக்கொண்டு சமையலறைவரை நடக்கிறாள். அவளைக் கட்டிலில் கிடத்தியதிலிருந்து அவளிடம் போன் இல்லை. சின்னம்மா வாங்கித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்பாளாம். என்னிடமும், "அதை வெளிய வச்சிட்டு வாங்க" என்றுதான் சொல்வாள். என் புது போனை மாடிப்படியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன். இந்த முறை அவளே பேச்செடுத்தாள். ஏப்ரலில் ஒரு தையல்கூடத்தில் வேலைக்குச் சேரப் போகிறாள், போன் இல்லாமல் முடியாதாம். நம்பி வாங்குகிற மாதிரி ஏதாவது கடை தெரியுமா என்று கேட்டாள்.

அவள் என்னையே பார்த்தாள். "உங்க தம்பி இன்னும் கடை வச்சிருக்காரா?" என்றாள்.

யோசித்துப் பேசு என்றேன். அவள் யோசித்துத்தான் வைத்திருந்தாள். "எனக்கு வேற யாரைத் தெரியும்? மத்தவங்க எதை எங்க ஒளிப்பாங்கன்னே எனக்குத் தெரியாது. இவர் ஒளிச்சது தெரியும். என் முன்னால உக்காரட்டும். ஒவ்வொண்ணும் என்னன்னு சொல்லிட்டுத்தான் தொடணும். நான் சரின்னு சொன்னாத்தான். பூட்டு எண் போடும்போது அந்தப் பக்கம் திரும்பிக்கணும்" என்றாள். சின்னம்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அவளுடைய நிபந்தனைகளை நான் அப்படியே எழுதியிருக்கிறேன், ஒன்றும் சேர்க்கவில்லை, குறைக்கவில்லை.

எனக்கும் உனக்கும் இடையில் இருப்பது வேறு. அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். நான் அன்று அங்கே வர மாட்டேன்.

ரமலான் தொடங்கும் முன் வியாழக்கிழமை வரலாம் என்கிறாள், மதியம் இரண்டு மணிக்கு. ஊரை விட்டுப் போவதாகக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் புறப்படு. பெரிய மசூதிக்குப் பின் தெரு, பச்சைக் கதவு. பெயரைச் சொல்லித் தட்டு, லுத்ஃபி, ரவ்தாவின் தம்பி என்று. திறக்கும்வரை நில்.

புது போன் பெட்டியைப் பிரிக்காமல் கொண்டு போ. அவள் பிரிப்பாள்.

ரவ்தா